சோடியத்தின் பதினொரு எண்கள்

மேல்நிலை முதலாம் ஆண்டு வகுப்பில் அணு அமைப்புப் பாடத்தைத் தொடங்கிய முதல் வாரத்தில், கரும்பலகையில் சோடியத்திற்கு ‘2, 8, 1’ என்று எழுதிவிட்டுத் திரும்பியபோது, மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “இதை யார் சார் எண்ணிப் பார்த்தது?” என்று கேட்டாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அவள் இந்த எண்களை எழுதி வருகிறாள். தேர்வில் முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். ஆனாலும் அவள் மனம் அதை ஏற்கவில்லை. கண்ணால் காண முடியாத ஓர் அணுவுக்குள் எலக்ட்ரான்கள் இரண்டு, எட்டு, ஒன்று என்று பிரிந்து நிற்கின்றன என்பது எப்படித் தெரிந்தது என்பதுதான் அவள் கேள்வி. மணி அடித்துவிட்டதால், மறுநாள் சொல்வதாக வாக்களித்துவிட்டு வந்தேன்.

அன்று இரவு பாடக்குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, நாம் இந்தப் பாடத்தைத் தலைகீழாக நடத்தி வருகிறோம் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. எலக்ட்ரான் அமைப்பை முதலில் ஒரு சட்டம் போல அறிவித்துவிட்டு, அயனியாக்கும் ஆற்றல், அணு ஆரம் போன்ற ஆவர்த்தனப் பண்புகளை அடுத்த பாடத்தில் அந்தச் சட்டத்தின் விளைவுகளாகச் சொல்கிறோம். உண்மையில் அளக்க முடிந்தவை அந்தப் பண்புகள்தாம். அமைப்பு என்பது அந்த அளவுகளைப் படித்து நாம் வந்தடைந்த முடிவு. அளவை மறைத்துவிட்டு முடிவை மட்டும் கொடுத்தால், கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை “யார் எண்ணிப் பார்த்தது?” என்றுதான் கேட்கும்.

மறுநாள் நான் அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் நிற்கும் அடுக்குகளான கூடுகளை வரையவில்லை. சோடியத்தின் பதினொரு எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். வாயு நிலையில் தனித்திருக்கும் ஓர் அணுவிலிருந்து மிகத் தளர்வாகப் பிணைந்துள்ள எலக்ட்ரானை அகற்றத் தேவைப்படும் குறைந்தபட்ச ஆற்றலே முதல் அயனியாக்கும் ஆற்றல். அதன் பின் எஞ்சிய அயனியிலிருந்து அடுத்த எலக்ட்ரானை, பிறகு அதற்கடுத்ததை என்று ஒவ்வொன்றாக அகற்றிக்கொண்டே போனால், பதினொரு எலக்ட்ரான்கள் கொண்ட சோடியத்திற்குப் பதினொரு ஆற்றல்கள் கிடைக்கும். நிறமாலைக் கோடுகள் நெருங்கி நெருங்கிச் சென்று முடியும் எல்லையிலிருந்து இத்தகைய மதிப்புகளைப் பெறுகிறார்கள். ஒரு மோலுக்குக் கிலோ ஜூலில் அவை: 496, 4,562, 6,910, 9,543, 13,354, 16,613, 20,117, 25,496, 28,932, 1,41,362, 1,59,076.

எண்களை எழுதியதும் நான் எதையும் விளக்காமல், ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணால் வகுக்கச் சொன்னேன். வகுப்பு சற்று நேரம் கணக்கில் மூழ்கியது. இரண்டாவது எண் முதல் எண்ணைப் போல ஒன்பது மடங்குக்கும் சற்று மேல். அதன் பிறகு விகிதம் அடங்கிவிடுகிறது. மூன்றாவதிலிருந்து ஒன்பதாவது வரை எந்த எண்ணும் தனக்கு முந்தையதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கைத் தாண்டுவதில்லை. பத்தாவதில் மறுபடியும் ஒரு தாவல்: கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. பதினொன்றாவதில் மீண்டும் அமைதி. எலக்ட்ரான்கள் குறையக் குறைய அதே பதினொரு புரோட்டான்கள் மீதமுள்ளவற்றை இறுக்கிப் பிடிக்கும் என்பதால் எண்கள் ஏறுவது இயல்பு. ஆனால் எல்லா எலக்ட்ரான்களும் அணுக்கருவிலிருந்து ஒரே தொலைவில் இருந்திருந்தால், ஏற்றம் படிப்படியாக இருந்திருக்க வேண்டும்; இரண்டே இரண்டு இடங்களில் மட்டும் இப்படி எகிறக் காரணம் இல்லை. முதல் எலக்ட்ரான் தளர்வாக, தொலைவில் இருந்தது. அடுத்த எட்டும் அதைவிட நெருக்கமான ஓரிடத்தில் ஒன்றாக இருந்தன. கடைசி இரண்டும் அணுக்கருவை ஒட்டி இருந்தன. வெளியிலிருந்து உள்ளே படித்தால் 1, 8, 2. கேள்வி கேட்ட மாணவியே எழுந்து வந்து, தாவல் நிகழும் இரண்டு இடங்களிலும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, கோடுகளுக்கு இடையில் இருந்த எண்களை விரலால் தொட்டு எண்ணினாள்.

கடைசி எண்ணை மட்டும் இன்னும் சிறிது நேரம் பார்க்கச் சொன்னேன். பத்து எலக்ட்ரான்களும் போன பிறகு எஞ்சியிருப்பது ஒற்றை எலக்ட்ரான்; அதற்கும் அணுக்கருவுக்கும் இடையில் மறைப்பதற்கு வேறெதுவும் இல்லை. அது ஹைட்ரஜனைப் போன்றதுதான். ஒரே வேறுபாடு, மையத்தில் ஒன்றுக்குப் பதிலாகப் பதினொரு புரோட்டான்கள் இருக்கின்றன. ஒற்றை எலக்ட்ரான் அமைப்பில் ஆற்றல் அணுக்கரு மின்சுமையின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளரின் அணுக் கொள்கையிலிருந்து கிடைப்பது. ஹைட்ரஜனின் அயனியாக்கும் ஆற்றல் 1,312. அதை 121 ஆல் பெருக்கினால் 1,58,752. பட்டியலில் உள்ள மதிப்பு 1,59,076. வேறுபாடு கால் சதவீதம்கூட இல்லை. அதிலும் பெரும்பகுதி, அத்தனை வலுவான ஈர்ப்பில் எலக்ட்ரான் மிக வேகமாக இயங்குவதால் வரும் சார்பியல் திருத்தம். இந்தப் பெருக்கலைத் தாமே செய்து விடையைப் பட்டியலோடு ஒப்பிட்ட பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த பிறகு, இதைச் செய்யாமல் அணு அமைப்பை நடத்த எனக்கு இனி மனம் வராது.

கூடுகளின் பெயர்கள் ஏன் கே என்ற எழுத்தில் தொடங்குகின்றன என்ற கேள்வியும் ஆண்டுதோறும் வருவது. எக்ஸ் கதிர்களை ஆராய்ந்த சார்லஸ் பார்க்லா, தனிமங்கள் வெளியிடும் இருவகைக் கதிர்களுக்குக் கே, எல் என்று பெயரிட்டார். அவற்றினும் ஊடுருவும் திறன் மிகுந்த கதிர்கள் பின்னாளில் அகப்படக்கூடும் என்று கருதி, முந்தைய எழுத்துகளை ஒதுக்கி வைத்தார். அப்படிப்பட்ட கதிர்கள் அகப்படவில்லை; எழுத்துகள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. பெயருக்குப் பின்னாலும் ஓர் அளவீடு இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். கூடுகளுக்குள் எஸ், பி, டி என்ற உட்பிரிவுகளாக இருக்கும் துணைக்கூடுகளையும் இன்று நேரடியாகவே காட்ட முடிகிறது. ஸ்வீடனின் உப்சாலாவில் கை சீக்பான் வளர்த்தெடுத்த எலக்ட்ரான் நிறமாலையியலுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. அறிந்த ஆற்றலுள்ள கதிரை அணுவின் மீது செலுத்தி, வெளியேறும் எலக்ட்ரானின் வேகத்தை அளந்தால், அது எவ்வளவு இறுக்கமாகக் கட்டுண்டிருந்தது என்பது தெரிந்துவிடும். நியானில் இப்படி அளக்கும்போது மூன்று ஆற்றல்கள் தனித்தனியாக நிற்கின்றன: 2பி எலக்ட்ரானுக்கு ஏறத்தாழ 2,080, 2எஸ் எலக்ட்ரானுக்கு ஏறத்தாழ 4,680, 1எஸ் எலக்ட்ரானுக்கு ஏறத்தாழ 84,000 கிலோ ஜூல்.

எண்களைக் கையில் வைத்துக்கொண்டால், வகுப்பறைகளில் புழங்கும் சில வாக்கியங்களைத் திருத்திக்கொள்ளவும் முடிகிறது. “சோடியம் ஓர் எலக்ட்ரானை இழந்து நிலைப்புத்தன்மை பெற விரும்புகிறது” என்பது அவற்றுள் முதன்மையானது. பல ஆண்டுகள் நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். சோடியம் எதையும் தானாக விட்டுக்கொடுப்பதில்லை. 496 கிலோ ஜூல் கொடுத்தால்தான் அந்த எலக்ட்ரான் வெளியே வரும். அதைக் குளோரின் அணு ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349 மட்டுமே. தனித்தனி அணுக்களின் கணக்கில் பார்த்தால் 147 கிலோ ஜூல் நட்டம். அந்த நட்டத்தை ஈடுகட்டுவது, எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் நெருங்கி அடுக்கி உப்புப் படிகமாகும்போது வெளிப்படும், மோலுக்கு 787 கிலோ ஜூல் அளவிலான படிகக்கூட்டு ஆற்றல். சோடியம் ஏன் இரண்டாவது எலக்ட்ரானை இழப்பதில்லை என்பதற்கும் எட்டு என்ற எண்ணின் மீது பழியைப் போட வேண்டியதில்லை. இரண்டாவதற்கு 4,562 கேட்கிறது, எந்தப் படிகமும் அந்த விலையை ஈடுகட்டாது. மெக்னீசியத்தில் 738, 1,451 என்று இரண்டு எண்கள் கட்டுப்படியாகின்றன. மூன்றாவது 7,733 ஆக எகிறுகிறது. அதனால்தான் அது இரண்டோடு நின்றுவிடுகிறது.

ஆவர்த்தன அட்டவணையின் ஒரு தொகுதியில், அதாவது செங்குத்து நிரலில், மேலிருந்து கீழே வரும்போது அயனியாக்கும் ஆற்றல் குறைவதற்குச் சொல்லப்படும் காரணமும் பெரும்பாலும் பாதிதான். லித்தியத்திற்கு 520, சோடியத்திற்கு 496, பொட்டாசியத்திற்கு 419, சீசியத்திற்கு 376. உட்கூட்டு எலக்ட்ரான்கள் அணுக்கருவின் ஈர்ப்பை மறைக்கும் மறைத்தல் விளைவு கூடிக்கொண்டே போவதால் வெளி எலக்ட்ரான் தளர்ந்துவிடுகிறது என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அணுக்கருவின் மின்சுமையும் அதே வேகத்தில் கூடுகிறதே என்று ஒரு மாணவன் கேட்டால் என்ன சொல்வது? கார உலோகங்களில் நிரம்பிய கூடுகளுக்கு வெளியே ஒற்றை எலக்ட்ரான் மட்டும் இருப்பதால், ஹைட்ரஜனுக்குரிய சூத்திரத்தையே சற்று நீட்டி, அந்த எலக்ட்ரான் உணரும் செயலுறு அணுக்கரு மின்சுமையைத் தோராயமாகக் கணிக்கலாம்: அயனியாக்கும் ஆற்றலை 1,312 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, கூட்டின் எண்ணால் பெருக்க வேண்டும். லித்தியத்திற்கு 1.26 வருகிறது; சோடியத்திற்கு 1.84, பொட்டாசியத்திற்கு 2.26, சீசியத்திற்கு 3.21. வெளி எலக்ட்ரான் உணரும் மின்சுமை கீழே போகப் போகக் குறையவில்லை, கூடுகிறது. உட்கூடுகள் முழுமையாக மறைப்பதில்லை. வெளி எலக்ட்ரான் அவ்வப்போது உள்ளே ஊடுருவி வருகிறது. அப்படியிருந்தும் அதை அகற்றுவது எளிதாகிறது என்றால், தொலைவு அத்தனை பெரிதாகிவிட்டது என்று பொருள். உலோக ஆரம் லித்தியத்தில் 152 பிக்கோமீட்டர், சீசியத்தில் 265. ஈர்ப்பைத் தீர்மானிப்பது மறைத்தல் மட்டுமன்று, தொலைவும்தான் என்பதை இந்த நான்கு எண்கள் பளிச்சென்று சொல்லிவிடுகின்றன.

இரண்டாம் வரிசைக்கு வந்தால் பொருள் இன்னும் செழிப்பாகிறது. லித்தியம் 520, பெரிலியம் 899, போரான் 801, கார்பன் 1,086, நைட்ரஜன் 1,402, ஆக்சிஜன் 1,314, ஃப்ளூரின் 1,681, நியான் 2,081. இடமிருந்து வலமாக ஆற்றல் கூடும் என்ற பொதுப் போக்கில் இரண்டு சறுக்கல்கள். போரானில் ஐந்தாவது எலக்ட்ரான் 2எஸ் ஆர்பிட்டாலில் (ஆர்பிட்டால் என்பது துணைக்கூட்டுக்குள் அதிகபட்சம் இரண்டு எலக்ட்ரான்கள் தங்கும் இடம்) இடமில்லாமல், அதைவிட ஆற்றல் மிகுந்த 2பி ஆர்பிட்டாலுக்குப் போகிறது. அங்கிருந்து அகற்றுவது எளிது. இதில் சிக்கல் இல்லை. நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான சறுக்கலுக்குத்தான், “பாதி நிரம்பிய துணைக்கூடு கூடுதல் நிலைப்புத்தன்மை உடையது” என்ற வாக்கியத்தைப் பிள்ளைகள் மந்திரம் போல ஒப்பிக்கிறார்கள்.

இந்த வாக்கியத்தில் எனக்குள்ள குறை, அது பார்வையைத் தவறான தனிமத்தின் மீது திருப்புகிறது என்பதுதான். போரானிலிருந்து கார்பனுக்கு 285 கூடுகிறது. கார்பனிலிருந்து நைட்ரஜனுக்கு 316. நைட்ரஜன் எந்த வகையிலும் தன் இடத்துக்கு மீறி உயர்ந்து நிற்கவில்லை. போரான், கார்பன், நைட்ரஜன் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் ஏறுகின்றன. அந்தக் கோட்டை நீட்டினால் ஆக்சிஜனுக்கு 1,700க்கு மேல் வந்திருக்க வேண்டும், வந்திருப்பதோ 1,314. அதன் பிறகு ஃப்ளூரினுக்கு 367, நியானுக்கு 400 என்று மறுபடியும் சீரான ஏற்றம். வரைபடத்தாளில் குறித்துப் பார்த்தால் ஏறத்தாழ இணையான இரண்டு கோடுகள் தெரியும். இரண்டாவது கோடு முழுவதுமே நானூறு கிலோ ஜூல் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கும். ஆக, நைட்ரஜன் பெற்ற தனிச் சலுகை என்று ஒன்றில்லை. ஆக்சிஜனிலிருந்து தொடங்கி மூன்று தனிமங்களும் ஒரு விலையைக் கொடுக்கின்றன. ஆக்சிஜனின் நான்காவது பி எலக்ட்ரான், ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கும் ஆர்பிட்டாலுக்குள் எதிர்த் தற்சுழற்சியோடு நுழைந்து இணைய வேண்டியிருக்கிறது. அங்கே விலக்கம் அதிகம், இணையான தற்சுழற்சியால் முதல் மூன்றுக்கும் கிடைத்த பரிமாற்ற ஆற்றலின் ஆதாயமும் அதற்கு இல்லை. மூன்றாம் வரிசையிலும் இதே கதை மெல்லிய குரலில் நடக்கிறது: அலுமினியம் 578, சிலிக்கான் 786, பாஸ்பரஸ் 1,012, கந்தகம் 1,000. கோட்டின்படி வந்திருக்க வேண்டியதிலிருந்து கந்தகம் ஏறத்தாழ 230 மட்டுமே இறங்குகிறது. 3பி ஆர்பிட்டால் பெரியது. இணைந்திருக்கும் இரண்டு எலக்ட்ரான்களுக்கும் சற்று இடம் கிடைக்கிறது. ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றலான எலக்ட்ரான் நாட்டத்தில் ஃப்ளூரினை (328) குளோரின் (349) முந்துவதற்கும் இந்த இடநெருக்கடியே முதற்காரணம்.

இடைநிலைத் தனிமங்களில் பிள்ளைகளைக் குழப்பும் ஒரு செய்தி, ‘4எஸ் முதலில் நிரம்புகிறது, அயனியாகும்போதும் அதுவே முதலில் காலியாகிறது’ என்பது. எலக்ட்ரான்கள் ஆற்றல் குறைந்த ஆர்பிட்டாலிலிருந்து தொடங்கி நிரம்புகின்றன என்ற ஆஃபா தத்துவத்தை ஓர் அணு உருவான வரலாறாகப் புரிந்துகொள்வதால் வரும் குழப்பம் இது. அந்த விதி, ஒரு நடுநிலை அணுவிலிருந்து அடுத்த நடுநிலை அணுவுக்குப் போகும்போது ஒரு புரோட்டானும் சேர்ந்தே கூடுகிறது என்ற கணக்கில் பொருந்துவது. எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை மாற்றாமல் அணுக்கருவை மட்டும் மாற்றிப் பார்த்தால் தெளிவு பிறக்கும். பொட்டாசியம் அணு, கால்சியத்தின் ஒற்றை நேர் அயனி, ஸ்காண்டியத்தின் இரட்டை நேர் அயனி மூன்றிலும் பத்தொன்பது எலக்ட்ரான்கள் உள்ளன. முதல் இரண்டில் பத்தொன்பதாவது எலக்ட்ரான் 4எஸ் ஆர்பிட்டாலில் இருக்கிறது. ஸ்காண்டியம் அயனியில் அது 3டி ஆர்பிட்டாலில் இருக்கிறது. மின்சுமை கூடக் கூட 3டி கீழே இறங்கிவிடுகிறது. இரும்பின் இரட்டை நேர் அயனியில் இரண்டு 4எஸ் எலக்ட்ரான்களும் போய் 3டி ஆறு மட்டும் எஞ்சுவதும் இதனால்தான்.

இந்த எண்களைக் கூர்ந்து படித்த ஒருவர் ஒரு முழுத் தொகுதியைப் பற்றிய நம்பிக்கையையே மாற்றினார். வேதியியலாளர் நீல் பார்ட்லெட் கனடாவின் வான்கூவரில், பிளாட்டினம் ஹெக்சாஃப்ளூரைடு என்ற செந்நிற வாயு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே ஓர் எலக்ட்ரானைப் பறித்துவிடுகிறது என்று கண்டிருந்தார். ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றலும் செனானின் அயனியாக்கும் ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றே, இரண்டும் 1,170ஐ ஒட்டியவை என்பது அவர் கண்ணில் பட்டது. எதனோடும் சேராத மந்த வாயு என்று எல்லாரும் எழுதியும் கற்பித்தும் வந்த செனானை, 1962 மார்ச் 23 அன்று அந்தச் செந்நிற வாயுவோடு சேர்த்தார். அக்கணமே ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது. அதைக் காட்ட ஆள் தேடிப் போனபோது எல்லாரும் இரவு உணவுக்குப் போய்விட்டிருந்தார்களாம். அன்று உண்டான பொருள் முதலில் எண்ணியதைவிடச் சிக்கலானது என்று பின்னர் தெரியவந்தாலும், செனான் வினைபுரியும் என்பது அன்று மாலையே உறுதியாகிவிட்டது. கரும்பலகையில் சோடியத்திற்கு நாங்கள் செய்த ஒப்பீடும் அவர் செய்த ஒப்பீடும் ஒரே வகைதான் என்று வகுப்பில் சொன்னபோது, யாரும் குறிப்பெடுக்கவில்லை, எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாடம் முடிந்த வாரத்தில், தனிமத்தின் பெயரைச் சொல்லாமல் நான்கு எண்களை மட்டும் கொடுத்தேன்: 578, 1,817, 2,745, 11,577. மூன்றாவதுக்குப் பிறகு தாவல் இருப்பதால் வெளிக்கூட்டில் மூன்று எலக்ட்ரான்கள், எனவே பதின்மூன்றாம் தொகுதி என்று அந்த மாணவி உடனே சொன்னாள். போரானாக இருக்க முடியாது, அதன் முதல் எண் 801 என்பதால் அலுமினியம்தான் என்றாள். பின்வரிசைப் பையன் ஒருவன் புத்தகத்தின் பின்னிணைப்பைப் புரட்டிவிட்டு, “காலியத்துக்கு 579 போட்டிருக்கு சார், அதுவாக ஏன் இருக்கக் கூடாது?” என்று கேட்டான். கீழே போகப் போகக் குறைய வேண்டிய எண் ஏன் குறையவில்லை என்று அவனிடமே திருப்பிக் கேட்டேன். கால்சியத்திற்கும் காலியத்திற்கும் நடுவில் பத்துத் தனிமங்கள் நிற்பதை அட்டவணையில் விரல் வைத்துக் காட்டியவள் அந்த மாணவிதான். அந்தப் பத்துப் புரோட்டான்களின் ஈர்ப்பைப் பத்து 3டி எலக்ட்ரான்களால் சரிவர மறைக்க முடியவில்லை, அதனால் காலியத்தின் வெளி எலக்ட்ரான் எதிர்பார்த்ததைவிட உள்ளே இழுக்கப்பட்டிருக்கிறது என்பதை இருவரும் சேர்ந்து சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. இரண்டு தனிமங்களையும் பிரித்தறிய முதல் எண் போதாது, இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும் என்று அவன் தானே கண்டுகொண்டான்: காலியத்தின் இரண்டாவது அயனியாக்கும் ஆற்றல் 1,979.